எதிர்க்கட்சி இல்லாத பிரம்மநாயகம்

"நம்ம ஊரு செத்த பிட்ச்சுல, இந்த வெயில்ல, ஓடி ஓடி வேகப்பந்து போட்டுட்டு, பேட்டையும் தூக்கிட்டுப் போயி அடிக்கணும். மேலுக்குச் சொகமில்லன்னு கபில் ஒரு டெஸ்ட்டுக்காவது லீவு போட்டானா?" என்று இஸ்திரிப் பெட்டியைக் காலரில் அழுத்தியபடி பிரம்மநாயகம் கேட்பார். துணி கொடுக்க வந்த நாம் வாயைத் திறக்கக் கூடாது. கேள்வி, எதிரே ஸ்டூலில் காலாட்டிக்கொண்டிருக்கும் ஞானசேகரனுக்கு.

"வே, வெஸ்ட் இண்டீஸு சோபர்ஸு வேகமும் போடுவான், ஸ்பின்னும் ரெண்டு தினுசாப் போடுவான். ஒரே ஓவர்ல ஆறு சிக்ஸு. உம்ம கபிலு மூணு ஆளு வேலையப் பாத்தானா?"

"நீரு சோபர்ஸப் பாத்தீரா?"

"ஏசப்பாவையுந்தான் பாத்ததில்ல. அதுக்காவ இல்லன்னு ஆயிருமாவே?"

மும்பை தாராவியில், நைன்டி ஃபீட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் பிரம்மநாயகத்தின் இஸ்திரிக் கடை. கடை என்பது ஒரு மேசை, மேலே ஒரு நீலத் தார்ப்பாய், கரி போட்ட பெட்டி. அறுபதைத் தாண்டியவர், ஒல்லி, காதில் எப்போதும் ஒரு சேப்டி பின் தொங்கும். வாயில் தண்ணீரை வைத்துத் துணியில் தெளிக்கும் பழக்கத்தைக் கைவிட்டுவிட்டார். சுத்தம் காரணமில்லை, அந்த நேரத்தில் பேச முடியவில்லையாம்.

ஞானசேகரன் பெல்ட் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். காலையில் டீ குடித்ததும் வந்துவிடுவார். உலகத்தின் மகா ஆல்ரவுண்டர் யார் என்ற வழக்கு இருவருக்கும் இடையே எப்போது தொடங்கியது என்று சந்தில் யாருக்கும் தெரியாது. வழக்கு சூடு பிடித்த நாளில் நம் பேண்ட்டில் ஒரு மடிப்புக் கோட்டுக்குப் பதில் இரண்டு விழும். அதைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனால், தாராவிக்காரன் எவனாக இருந்தாலும் பார்த்தவுடன், "இன்னிக்கு சோபர்ஸா?" என்று கேட்பான். நானும் அப்படிப் பலமுறை மானம் போனவன்தான்.

பக்கத்து டீக்கடை வாசிம் ஒருநாள் தென்னாப்பிரிக்காக்காரர் காலிஸின் ரன், விக்கெட் கணக்கைப் போனில் காட்டி, "சாச்சா, காலிஸ் கா ரெக்கார்ட் தேகோ" என்றான். அன்றைக்கு மட்டும் இரண்டு பேரும் ஒரே கட்சி.

"நல்ல பையன்தான், இல்லங்கல. ஆனா பேங்க் மேனேஜர் கணக்குப் பாக்காப்புல ஆடுவான்" என்றார் பிரம்மநாயகம்.

"ஆமா" என்றார் ஞானசேகரன். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

போன மழைக்காலத்தில் ஞானசேகரனின் மகன் கிறிஸ்டோ, ரயிலேறிப் போகவேண்டிய முலுண்டில் பிளாட் வாங்கி அவரையும் கூட்டிக்கொண்டான். "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்துருவேன்வே" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் போனார். ஞாயிறுகள் வந்தன. கோயில், பேத்தியின் டான்ஸ் கிளாஸ், முழங்கால் வலி என்று ஏதாவது ஒன்று அவரை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டது.

போனில் வழக்கை நடத்திப் பார்த்தார் பிரம்மநாயகம். சரிப்படவில்லை. "சூடாப் பேசும்போது லிஃப்ட்டுக்குள்ள போயிருதாரு, சார். லைன் கட்டாயிருது. முழிக்காரா சிரிக்காரான்னும் தெரியமாட்டேங்குது."

பாவப்பட்டு வாசிம் ஒருநாள், "ஹாங் சாச்சா, கபில் ஹீ நம்பர் ஒன்" என்றான். நானும் நல்லெண்ணத்தில் தலையாட்டினேன். பிரம்மநாயகத்தின் முகம் விழுந்துவிட்டது.

"எல்லாவனும் ஒத்துக்கிடுதிய சார். ஒத்துக்கிட்டா நான் என்னத்தப் பேச?"

அந்த மாதங்களில் எங்கள் பேண்ட்டுகளில் கோடு கத்தி போல ஒன்றே ஒன்றுதான் விழுந்தது. எங்களுக்குக் கவலையாகிவிட்டது. ஊருக்கே போய்விடலாமா என்றுகூட அவர் பேச ஆரம்பித்திருந்தார். அவர் இல்லாமல் எங்கள் சந்து இருப்பதை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த ஞாயிறு காலை நான் துணியோடு நிற்கும்போது, சயான் ஸ்டேஷனிலிருந்து நொண்டி நொண்டி நடந்து ஞானசேகரன் வந்து சேர்ந்தார். கையில் ஒரு பை. பழைய இடத்திலேயே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"அங்கன தேய்க்கவன் ஒருத்தனும் சரியில்லவே" என்று பையை மேசையில் வைத்தார்.

பிரம்மநாயகம் பையைத் திறந்தார். நாலு சட்டைகள். நாலும் இஸ்திரி போட்டு, அட்டை வைத்து மடித்து, பின் குத்தியிருந்தன. காலரில் ஒரு சுருக்கம் இல்லை. ஞானசேகரன் தார்ப்பாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு சிக்ஸு அடிச்சான்னீரே" என்றார் பிரம்மநாயகம். "போட்டவன் யாரு, கபிலா?"

சொல்லிக்கொண்டே மேல் சட்டையை எடுத்தார். பின்னைக் கழற்றினார், அட்டையை உருவினார், சட்டையை இரண்டு கையாலும் நன்றாகக் கசக்கி, மேசைமேல் விரித்துத் தண்ணீர் தெளித்தார்.