தம்பி கிடக்கும் புறம்போக்கு

எனக்கு ஓடைச் சத்தம் ஆகாது. மலையில் மழை பெய்து தண்ணீர் இறங்கினால் செம்பட்டி ரோட்டில் லாரி போகிற மாதிரி ஓர் இரைச்சல் கேட்கும். அது காதில் விழுந்ததும் கையில் இருக்கிறதைப் போட்டுவிட்டுத் தங்கச்சி எங்கே என்று பார்ப்பேன். அவள் வீட்டுக்குள் உட்கார்ந்து புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாலும் போய்ப் பார்ப்பேன்.

தம்பியை அந்த ஓடைதான் கொண்டுபோனது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாவது வரைக்கும்தான். அதற்கு மேல் படிக்க ஓடையைத் தாண்டி அக்கரை ஏறி, அங்கிருந்து செம்பட்டிக்கு நடக்க வேண்டும். நான் மூன்றாவதோடு நின்றவள். கத்தரிக்காய் பறிக்க ஆள் வேண்டியிருந்தது. தம்பி மட்டும் போனான். ஐப்பசியில் ஒருநாள் திரும்பி வரும்போது, இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று இறங்கியிருக்கிறான். புத்தகப் பையைத் தலையில் வைத்திருந்தான் என்று அக்கரையில் நின்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பை நனையக் கூடாது என்று இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டிருந்தவன் எதைப் பிடிப்பான்?

மறுநாள் இக்கரையில் புதரோரம் ஒதுங்கிக் கிடந்தான். கல்யாணமாகாதவனை நாங்கள் எரிக்க மாட்டோம், புதைப்போம். இடுகாடோ அக்கரையில் இருந்தது. வெள்ளம் வடியவில்லை. அதனால் ஊரே சேர்ந்து பேசி, எங்கள் கத்தரித் தோட்டத்தை ஒட்டிய மேய்ச்சல் புறம்போக்கில் வேப்பமரத்துக்குப் பக்கத்தில் அவனைப் புதைத்தோம். தலைமாட்டில் அப்பா ஒரு கல் வைத்தார். அதற்குப் பிறகு அப்பா அதிகம் பேசுவதில்லை.

காரியம் முடிந்த கையோடு அதே புறம்போக்கை அளக்கச் சங்கிலியோடு ஆட்கள் வந்தார்கள். எட்டாவது வரைக்கும் பள்ளிக்கூடம் வேண்டும் என்று ரொம்ப நாளாக இழுத்த பேச்சு தம்பி செத்ததும் வேகமெடுத்திருந்தது. இடம் ஊர் கொடுக்க வேண்டும். வெள்ளம் ஏறாத மேடு அது ஒன்றுதான்.

பஞ்சாயத்து பிரசிடெண்டு வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா முதலில் கேட்டது இதுதான்.

"அஸ்திவாரம் எம்புட்டு ஆழம் தோண்டுவாக?"

"தோண்டாம எப்படித்தா சொவரு நிக்கும்? அவன் இருக்குற பக்கம் வராம பாத்துக்குறேன்."

"பாத்துக்குறேன்னா? எங்கிட்டு இருந்து எங்கிட்டு வரைக்கும்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றையிலிருந்து அம்மா மண்வெட்டிச் சத்தம் கேட்டாலே எழுந்து வாசலுக்குப் போவாள்.

கார்த்திகை பிறந்த புதிது. பொழுது இறங்கிவிட்டது. நானும் அம்மாவும் கத்தரிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தோம். தென்மேற்கே, மலைக்கு மேலே, ஒரு கோடு கிளம்பியது. கிச்சிலிப் பழத்தின் ஆரஞ்சு நிறம். துளி சத்தம் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோடு வளைந்தது, நெளிந்தது, தண்ணீரில் மஞ்சளைக் கரைத்துவிட்ட மாதிரி வானத்தில் பரவியது. நாங்கள் நின்ற இடத்திலிருந்து பார்க்க அது சரியாக அந்த வேப்பமரத்துக்கு மேலே நின்றது.

அம்மா கையில் இருந்த மண்வெட்டி விழுந்தது. "எம்மகன் எந்திரிச்சிட்டான்," என்றாள். கத்தவில்லை. யாரோ வாசலுக்கு வந்துவிட்டார்கள் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். ஊருக்குள் பெண்கள் அலறுகிற சத்தமும், பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்துகிற சத்தமும் கேட்டது.

மறுநாள் ஒரு ஆடுகூட அந்தப் பக்கம் மேயவில்லை. கல் இறக்க வந்த வண்டிக்காரர்கள் ரோட்டிலேயே மாட்டைத் திருப்பிக்கொண்டார்கள். "அற்பாயுசுல போனவன், எடத்த விட்டுத் தர மாட்டேங்கிறான்ப்பா" என்று டீக்கடையில் முடிவே செய்துவிட்டார்கள். பிரசிடெண்டு தலையில் அடித்துக்கொண்டார். "தை பொறக்கதுக்குள்ள வேல தொடங்கலேன்னா பள்ளிக்கூடம் அக்கரைக்குப் போயிரும். அந்த ஊர்க்காரவுக எடத்தக் காமிச்சிட்டு மேலிடத்துல ஆள் புடிச்சிக்கிட்டு இருக்காக."

அப்போதுதான் எனக்கு இரண்டு பக்கமும் பயம் பிடித்தது. தங்கச்சி அந்த வருஷம் ஐந்தாவது. பள்ளிக்கூடம் அக்கரைக்குப் போனால் அவளும் ஓடையில் இறங்க வேண்டும். இங்கேயே கட்டினால் தம்பியைக் கிளறிவிடுவார்கள். அவன் கோபத்தில்தான் வந்து நின்றான் என்று நானும் நம்பினேன். என் கண்ணால் பார்த்தேனே.

கொடைரோடு ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிற மாமா, அம்மாவுக்கு உடன்பிறந்த தம்பி, விஷயம் கேள்விப்பட்டு வந்தார்.

"அக்கா, அது ராக்கெட்டு. கேரளத்துக் கடக்கரையில இருந்து சர்க்காரு விட்டிருக்கு. பேப்பர்ல போட்டிருக்கான். மேல போயி ஏதோ பொடியத் தூவுமாம். அதுல வெயில் பட்டு மின்னுதாம். காத்து எங்கிட்டு அடிக்குதுன்னு பாக்குறதுக்காம்."

இதை அவர் டீக்கடையில் சொன்னபோது சிரிப்பாய்ச் சிரித்தார்களாம். "ஏலே, காத்துப் பாக்க வேட்டி நுனியப் புடிச்சாப் பத்தாதாக்கும்?" "பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட நிதியில்ல, ஊர்ல வசூல் பண்ணுங்கன்னவன், ஆகாசத்துக்கு வாணம் விடுறானாம்!" "ராக்கெட்டோ பேயோ, அம்மன்கிட்டப் பூ கட்டிக் கேட்டுருவோம்." பேச்சு அதில்தான் போய் நின்றது.

அம்மா சிரிக்கவில்லை. மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவன் வரலையா?"

மாமா தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

பூ கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வாழையிலையில் ஒரே மாதிரி நாரால் கட்டி அம்மன் முன்னால் வைப்பார்கள். சின்னப் பிள்ளை ஒன்று எடுக்கும். வெள்ளை வந்தால் அங்கே பள்ளிக்கூடம் கட்டலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. செத்தவன் வீட்டுக் காரியம் என்பதால் அம்மாதான் கட்ட வேண்டும், தங்கச்சிதான் எடுக்க வேண்டும் என்றார்கள்.

அதற்கு முந்தின நாள் தங்கச்சி எங்கள் வாய்க்காலில் இறங்கி நடந்துகொண்டிருந்தாள். கணுக்கால் தண்ணீர்தான். தலையில் தம்பியின் பை, அவனோடு கரை ஒதுங்கியது. இரண்டு கையும் மேலே. "அண்ணன் இப்படித்தான போகும்?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். திரும்பிப் பார்த்தால் அம்மா வரப்பில் நிற்கிறாள். அடிப்பாள் என்று நினைத்தேன். இறங்கிப் போய்ப் பையைத் தலையிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டிவிட்டு, அவள் பாதத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். இரண்டு பாதத்தையும்.

விடிந்ததும் அம்மா தனியாகப் பூப்பறிக்கப் போனாள். என்னைக் கூட வரவிடவில்லை. இரண்டிலும் சிவப்பைக் கட்டிவிடுவாளோ என்று எனக்குப் பயம். கட்டாமல் வெள்ளை வந்துவிட்டாலும் தம்பியைத் தோண்டிவிடுவார்களே என்று பயம்தான். கோயிலில் ஊரே கூடியிருந்தது. தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். பூசாரி பிரித்தார். நந்தியாவட்டை. வெள்ளை. "அம்மன் குடுத்துட்டா! பயலும் சம்மதிச்சிட்டான்!" என்று ஒரே கூச்சல். அம்மா மற்ற பொட்டலத்தை எடுத்து மடியில் சொருகிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போனேன். எங்கள் ஊரில் சிவப்புப் பூ என்றால் அங்கே நிற்கிற அரளி மட்டும்தான். அது கொத்துக் கொத்தாகப் பூத்து நின்றது. ஒரு கொத்துகூடக் கிள்ளியிருக்கவில்லை. பின்னாலேயே அம்மா வந்துவிட்டாள்.

"என்னத்தப் பாக்குற? போயி மடையத் திருப்பு."

அஸ்திவாரம் தோண்டியபோது அம்மா தம்பியின் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். வெயில் ஏறியும் நகரவில்லை. பள்ளிக்கூடத்துச் சுவர் அந்த இடத்தில் கொஞ்சம் ஒதுங்கித்தான் போகிறது.

இப்போதும் அந்த வெளிச்சம் எப்போதாவது வரும். பிள்ளைகள் ராக்கெட், ராக்கெட் என்று தெருவுக்கு ஓடுவார்கள். போன வாரமும் வந்தது. அம்மா முறத்தை வைத்துவிட்டு நின்றாள்.

"ராக்கெட்டும்மா," என்றாள் தங்கச்சி.

"தெரியும்டி," என்றாள் அம்மா. அது கரைந்து மறைகிற வரைக்கும் முகத்தை இறக்கவில்லை.

இந்த வருஷம் தங்கச்சி எட்டாவது முடிக்கிறாள். ஒன்பதாவதுக்குச் செம்பட்டிக்குத்தான் போக வேண்டும். ஓட்டுக் கேட்டு வந்த எல்லாரும் ஓடைக்குப் பாலம் போடுவோம் என்றார்கள். ஆட்சி மாறியும் இன்னும் ஒரு கல் இறங்கவில்லை. அவள் படிக்கப் போகட்டும் என்றோ வேண்டாம் என்றோ அம்மா இதுவரை வாய் திறக்கவில்லை. நேற்று மத்தியானம் பார்க்கிறேன், இடுப்பில் சேலையைச் சொருகிக்கொண்டு, கையில் ஒரு நீளக் கம்போடு, அம்மா ஓடைக்குள் நின்றுகொண்டிருந்தாள். அடிக்கு ஓரிடமாகக் கம்பை ஊன்றி ஊன்றி ஆழம் பார்த்துக்கொண்டிருந்தாள்.