எங்கள் புஞ்சை மண்

துறைமுகச் சாலையில் களைக்கொல்லியைக் கலந்து பாட்டிலில் அடைக்கும் ஒரு கம்பெனியில், கழிவுநீர் லேபில் பத்து வருடமாக வேலை பார்க்கிறேன். கழிவுநீரைக் களிமண் வழியாக இறக்குவோம். மண் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் தெளிந்து கீழே வரும். அந்த மண்ணை வெளி மாநிலத்திலிருந்து மூட்டை மூட்டையாக வாங்குகிறார்கள். எங்கள் ஊர்க் கரிசல் மட்டும் என்ன குறைச்சல் என்று லேப் தலைவி மேடத்திடம் சொல்லிக்கொண்டே இருப்பேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. போன மாதம் ஒரு நாள், "சரி, கொண்டு வாங்க, பாத்திருவோம்" என்றார்.

விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் அப்பாவுக்கு மக்காச்சோளப் புஞ்சை. சொன்ன மறுநாளே ஒரு சாக்கு மண்ணை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். கூடவே வழக்கம்போல ஒரு கேன் கிணற்றுத் தண்ணீர். தூத்துக்குடித் தண்ணீர் பிள்ளைக்கு ஆகாது என்று, என் மகள் பிறந்ததிலிருந்து அனுப்புகிறார்.

மண்ணைக் கண்ணாடிக் குழாயில் நிரப்பினேன். முதலில் வெறும் தண்ணீரை விட்டுப் பார்ப்பது விதி. கீழே வந்ததை மெஷினில் கொடுத்தேன். திரையில் கோடு தட்டையாகப் போக வேண்டும். சோளத்துக்கு அடிக்கும் களை மருந்து காட்டும் அதே இடத்தில் எழும்பியது. குழாயைச் சரியாகக் கழுவவில்லை போல என்று கழுவி, அதே சாக்கிலிருந்து வேறு மண் எடுத்து நிரப்பினேன். மறுபடியும் எழும்பியது.

"வருசக்கணக்கா மருந்து குடிச்ச மண்ணும்மா. இனிமே பிடிக்காது, விடத்தான் செய்யும். தூரப் போடுங்க," என்றார் மேடம்.

மறுநாள் வீட்டுக் கேனிலிருந்து ஒரு குப்பி எடுத்து வந்தேன். அதிலும் இருந்தது, கொஞ்சமாக. நோட்டில் எழுதினேன். குப்பிகளைக் கழுவிக் கவிழ்த்தேன். டிபன் பாக்ஸைத் திறந்து புளிச்சோறு முழுவதையும் சாப்பிட்டேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. மகளுக்கு ஏழு வயது என்பது மட்டும் திரும்பத் திரும்ப மனதில் வந்தது.

சாயங்காலம் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"மண்ணு பாஸாயிட்டா?" என்றார் எடுத்ததுமே.

"அப்பா, கிணத்துல களை மருந்து எறங்கியிருக்கு. இனிமே அதக் குடிக்காதீங்க. எங்களுக்கும் அனுப்பாதீங்க."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை நிறுத்தினார்.

"ஏளா, கிணத்தச் சுத்தி அடிக்க நான் பயந்தேன்லா. நீதான சொன்ன, நம்ம மண்ணு மருந்தப் பிடிச்சுக்கிடும், கீழ விடாதுன்னு?"

வேலைக்குச் சேர்ந்த வருடம் பொங்கலுக்குப் போயிருந்தபோது, எல்லாம் தெரிந்தவள்போலச் சொன்னது.

"ஆமாப்பா," என்றேன். "நான்தான் சொன்னேன்."