மர்சூக்கின் வலது கை

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் மருதமுனையில் சரிந்த தறிக் கொட்டில்களில் ஒன்றின் கூரை வளைமரம் மர்சூக்கின் வலது கையில் விழுந்தது. எலும்பு பொருந்தியது, விரல்கள் மட்டும் பாதி மடங்கியபடி நின்றுவிட்டன. நெசவுக்கு அந்தப் பிடி ஒருவாறு போதுமாக இருந்ததால் மறுபடியும் தறியில் உட்கார்ந்தார்.

இரண்டு வருடம் கழித்து மனைவி ஸம்ஸியாவுடன் கல்முனையில் ஒரு களியாட்ட விழாவுக்குப் போனார். மேடையில் ஒருவன் காசை மறைத்துக் காட்டினான். கூட்டம் அவன் விரித்துக் காட்டிய வெறுங்கையைப் பார்த்தது. மர்சூக் மற்றக் கையைப் பார்த்தார். அதன் விரல்கள் தன்னுடையவை போலவே சற்று வளைந்து நின்றன. சுகமான கை அப்படி நிற்பதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்து ஒரு ரூபாக் குத்திக் காசை வலது உள்ளங்கை நடுவில் வைத்துப் பார்த்தார். பெருவிரலின் அடிச்சதையும் எதிர்ப்பக்கச் சதையும்தான் அதைக் கவ்வ வேண்டும். விரல்கள் சும்மா இருக்க வேண்டும். காசு விழுந்துகொண்டே இருந்தது. சிமெந்துத் தரையில் எழும் சத்தத்துக்கு ஸம்ஸியா அலுத்துக்கொண்டதால் பாய் விரித்துப் பழகினார். உலர்ந்த கையைவிட லேசாக ஈரம் பட்ட கையில் நன்றாக நிற்பதைக் கண்டுகொண்டார்.

காசு நிற்கத் தொடங்கிய பிறகும் ஸம்ஸியாவை ஏமாற்ற முடியவில்லை.

"எப்பிடிப் புள்ள கண்டுபுடிக்கிறாய்?"

"நீங்க ஒளிச்ச கையத்தானே பாக்கிறீங்க. நானும் அங்கதான் பாக்கன்."

அன்று முதல் காசு இல்லாத கையைப் பார்க்கப் பழகினார். பிடிப்பதைவிட அதுதான் கடினமாக இருந்தது.

பிறகு தேநீர்க் கடையிலும் கலியாண வீடுகளிலும் காட்டினார். முடங்கிய கையை யாரும் சந்தேகிக்கவில்லை. அவரிடம் ஏவல் செய்யும் ஜின் என்ற ஆவி இருப்பதாகச் சிலர் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்க அவருக்குப் பிடித்திருந்தது, மறுக்கவில்லை.

எண்பத்துநாலில் சாய்ந்தமருதிலிருந்து ஹாஜறா என்ற பெண் வந்தாள். அவளுடைய கணவன் கடலுக்குப் போய் நாலு வருடமாகியும் திரும்பவில்லை. அவன் இறந்துவிட்டதாகக் குடும்பம் முடிவுசெய்து, கைம்பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு தங்கும் இத்தா இருக்கச் சொன்னது. அவள் சம்மதிக்கவில்லை. மர்சூக்கின் முன்னால் கணவன் இடுப்பில் உடுத்த சாரன் ஒன்றை வைத்தாள்.

"காக்கா, இல்லாமப் போனத நீங்க திருப்பிக் கொண்டாறீங்களாம். இவர் எங்க இரிக்கார் எண்டு ஜின்னிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

"எனக்கிட்ட அப்பிடி ஒண்டுமில்ல தங்கச்சி."

"கலியாண வீட்டுல என்ட கண்ணால கண்டன்."

மர்சூக் ஸம்ஸியாவைப் பார்த்தார். அவர் காசை எடுத்து மறைத்தார். பிறகு வலது கையைத் திருப்பிக் காட்டினார்.

"இது எங்கயும் போகல்ல. இஞ்சதான் கிடந்த."

"அண்டைக்குக் காட்டினதும் இதுதானா?"

"ஓம். இதுதான்."

"இன்னொருக்காக் காட்டுங்க."

மெதுவாகக் காட்டினார். இம்முறை அவள் வலது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாரனை எடுத்து மடித்தாள்.

"அப்ப அவர் வரமாட்டாரா?"

"எனக்குத் தெரியாது தங்கச்சி."

அந்தக் கிழமையே ஹாஜறா இத்தா இருக்கத் தொடங்கிவிட்டாள் என்று ஸம்ஸியா கேள்விப்பட்டு வந்து சொன்னாள். வித்தையைத் திறந்து காட்டிப் பிழை செய்தேனா என்று மர்சூக் மனைவியிடம் கேட்டார்.

சில வருடங்கள் கழித்து ஹாஜறாவுக்கு மறுகலியாணம் நடந்தது. மாப்பிள்ளை சம்மாந்துறை அரிசி ஆலையில் வேலை செய்தவர். மர்சூக் குடும்பத்துக்கும் சொல்லியிருந்தார்கள். போய்ச் சாப்பிட்டார்கள். வித்தை காட்டும்படி யாரோ கேட்டபோது கை நோகிறது என்று சாக்குச் சொல்லிவிட்டு, மர்சூக் மாப்பிள்ளையிடம் அந்தப் போக நெல் விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்.