மாடிப்படியில் இருந்த ஐந்து ஒயர்கள்

அண்ணன் மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் என் வணக்கம். எனக்கு ஒதுக்கிய இரண்டு பக்கங்களில் பாதியை ஒரு பழிக்குப் பதில் சொல்ல எடுத்துக்கொள்கிறேன். "சித்தப்பா, அந்தக் கதை மலர்ல வேணாமுங்க, அத்தை வூட்டு மாமா சங்கடப்படுவாரு" என்று அண்ணன் மகன் இரண்டு முறை சொன்னான். அண்ணன் பட்டது சங்கடமில்லையா என்று கேட்டேன்.

கம்பைநல்லூருக்கு அருகில் நிலக்கடலை விவசாயம் செய்த குடும்பத்தில் அண்ணன் மூத்தவராகப் பிறந்தார். அடுத்து நான், பிறகு தங்கை. அப்பா காலமானபோது அண்ணனுக்குப் பதினாறு வயது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, தருமபுரியில் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டும் கடையில் சேர்ந்தார். ஒயர்மேன் தேர்வில் மூன்றாம் முறை தேறினார். அவர் ஏணி ஏறியதால்தான் நான் கல்லூரிப் படி ஏறினேன். ஒருமுறை ஏணியிலிருந்து விழுந்து இடது தோள் எலும்பு முறிந்தது. நான்கு மாதம் கழித்து அதே ஏணியில் ஏறினார். நாற்பத்தொன்பது ஆண்டுகளில் அவர் ஒயரிங் செய்த வீடுகள் இருநூற்றுப் பன்னிரண்டு. அவருடைய குறிப்பேடுகளைப் பார்த்து எண்ணியது நான்தான்.

தொடக்கத்தில் எங்கள் பக்கம் வண்ண ஒயர் சுலபமாகக் கிடைக்காது. எல்லாம் ஒரே நிறம். மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரின் நுனியில் அண்ணன் வெள்ளை நூலால் ஒரு முடிச்சுப் போடுவார். பின்னர் நிறங்கள் வந்தன. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் மின்சாரம் வரும் பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். இப்போது மிக்ஸியிலும் ஏசியிலும் வருகிற ஒயரில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல். பழைய முறையில் தொட்டால் ஆளைக் கொல்லும் நீலம் புதிய முறையில் நியூட்ரலாகிவிட்டது. அதனால் அண்ணன் ஒவ்வொரு ஒயர் இணைப்புப் பெட்டி மூடியின் உட்புறத்திலும் எந்த நிறம் எது என்று எழுதிவைப்பார். எழுதாமல் எந்த மூடியையும் அவர் முடுக்கியதில்லை.

தங்கையின் அதியமான்கோட்டை வீட்டுக்கும் அண்ணன்தான் ஒயரிங் செய்தார். பின்னாளில் மாடி கட்டினால் உதவும் என்று மாடிப்படியின் உச்சியில் ஒரு பெட்டி வைத்து, அதில் ஐந்து ஒயர்களைச் சுருட்டி விட்டிருந்தார். முப்பத்தோராண்டு கழித்து மாடி அறை எழுந்தது. அண்ணன் அப்போது மூச்சிரைப்பால் படுக்கையில் இருந்தார். மாப்பிள்ளை, அதாவது தங்கை கணவர், வேறொரு ஒயர்மேனை வைத்தார். புதுமனை விழாவன்று சுவிட்சைப் போட்டதும் மாடியில் இரண்டு மின்விசிறிகளும் ஒரு டிவியும் ஒரு பிரிட்ஜும் கருகின. வந்திருந்த நூற்று நாற்பது பேர் முன்னால் மாப்பிள்ளை சொன்னார்: "எல்லாம் பெரிய மச்சான் போட்ட லைனுங்க. கை நடுங்கி மாத்தி வெச்சிருக்காரு."

அந்தப் பேச்சு நான்கு நாளில் அண்ணன் படுக்கைக்கு வந்துவிட்டது.

"கை நடுங்குனது இப்பத்தான்டா," என்றார் என்னிடம். "அப்ப நடுங்கல. நீ போயி அந்த மூடியத் திருப்பிப் பாரு."

போனேன். மாடிக்கு வேலை செய்த ஒயர்மேனையும் வரவழைத்தேன். பெட்டி மூடி, எழுத்திருந்த பக்கம் சுவரைப் பார்த்தபடி சாய்ந்திருந்தது. திருப்பினேன். அண்ணன் கையெழுத்தில் ஆறு வரிகள். ஐந்து வரி நிறங்கள். ஆறாவது: "நிறத்தை நம்பாதே, டெஸ்டர் வைத்துப் பார்."

"மாடிக்கு நீங்க எதெதக் கொடுத்தீங்க?"

"செவப்பும் நீலமுங்க. நீலம்னா நியூட்ரல்தானுங்களே? இப்ப வர்றதெல்லாம் அப்படித்தானுங்க."

"டெஸ்டர் வெச்சுப் பாருங்க."

வைத்தார். நீல ஒயரில் டெஸ்டர் விளக்கு எரிந்தது. இரண்டு பேஸையும் சேர்த்து, இருநூற்று முப்பது வோல்ட் போகவேண்டிய மாடி அறைக்கு நானூறு வோல்ட் கொடுத்திருந்தார்.

"எரியுதுங்க," என்றார். டெஸ்டரைப் பையில் வைத்துவிட்டு, "தப்பு என்னுதுங்க, ஐயா. மூடியத் திருப்பவே இல்ல."

மாப்பிள்ளையைப் பார்த்தேன். "விடுங்க மச்சான், வூட்டுக்கு வூடு நடக்குறதுதான்" என்று சொல்லிவிட்டு அவர் கீழே இறங்கிப் போனார். தங்கை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அண்ணனிடம் வந்து சொன்னேன். முதலில் கேட்டது: "மாடிக்குக் கறுப்பு மாத்திக் கொடுத்தாச்சா?" கொடுத்தாச்சு என்றேன். பிறகு, "மாப்ள என்ன சொன்னாரு?" என்றார். நான் மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். மாப்பிள்ளை வருவாரென்று பத்தொன்பது நாள் அவர் வாசலைப் பார்த்தபடியே படுத்திருந்தார். இருபதாம் நாள் அவர் இல்லை.

இதற்கிடையே அந்தப் பேச்சைக் கேட்டு, அவர் ஒயரிங் செய்த மூன்று வீட்டார் ஆள் வைத்துச் சோதித்தார்கள். மூன்றிலும் ஒரு குறையும் இல்லை. மீதி இருநூற்று ஒன்பது வீட்டாரும் சோதிக்கலாம். நான் தடுக்கமாட்டேன்.

இரவு பகலாக அண்ணனைப் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், மூச்சுக் கருவியைத் தன் வண்டியில் ஏற்றிவந்த பக்கத்து வீட்டுக்காரருக்கும், மருத்துவமனைச் செவிலியர் நால்வருக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. இறுதிச் சடங்கன்று வந்து, கேட்டவர்களிடமெல்லாம் தன் தவறைச் சொன்ன அந்த ஒயர்மேனுக்கும் நன்றி.

மாப்பிள்ளைக்கு ஒன்று. இம்மலர் நானூறு பிரதிகள் அச்சாகியிருக்கிறது. இன்று மதியப் பந்தியில் நூற்று நாற்பது பேருக்குமேல் இருப்பார்கள். அண்ணன் படத்துக்கு வலப்பக்கம் நான் நிற்பேன். வந்து, தப்பு அண்ணனுடையதில்லை என்று ஒரு வரி சொல்லுங்கள். கடைசி ஆள் கை கழுவும்வரை நின்றுகொண்டிருப்பேன்.