பத்து விநாடி நீலத் திரை

பம்பரம் என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. கல்யாணமாகி வந்த மறு வாரமே புகுந்த வீட்டில் வைத்துவிட்டார்கள். பால் அடுப்பில் இருக்கும்போது தரையைத் துடைப்பாள், தரை காய்வதற்குள் துணியை மடித்து முடிப்பாள். சும்மா காத்திருப்பது என்ற சொல் அவள் அகராதியிலேயே கிடையாது.

அவள் கணவர் தச்சர். சமையலறை அலமாரி செய்வதில் கை தேர்ந்தவர், பேச்சில்தான் தடுமாற்றம். "இங்க ஒரு தட்டு வரும், அங்க ஒரு டிராயர் வரும்" என்று காற்றில் கையை வீசிக் காட்டுவார். வந்தவர்களும் புரிந்த மாதிரி தலையாட்டுவார்கள். அலமாரி சுவரில் ஏறியதும், "நாங்க இப்படி நினைக்கலையே" என்பார்கள். இந்த ஒரு வாக்கியத்தைப் பன்னிரண்டு வருஷம் கேட்டு அலுத்துப்போய்த்தான் பம்பரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அவள் தம்பி, ஒரு பெட்டியில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தான். ஒரே வருஷத்தில், பலகையின் கனம்கூடப் பிசகாமல் வரையக் கற்றுக்கொண்டாள். இன்னும் செய்யாத சமையலறைக்குள் ஆட்கள் திரையிலேயே நடந்து பார்த்தார்கள். "இந்தக் கதவு என் தலையில இடிக்கும் போல" என்று முன்கூட்டியே சொன்னார்கள். தச்சர் கையை வீசுவதை நிறுத்தினார்.

அப்படித்தான் ஒரு டீச்சர் சமையலறை கேட்டு வந்து சேர்ந்தார். விபத்துக்குப் பிறகு அவருக்குச் சக்கர நாற்காலிதான் கால். வேறொருவர் ஏற்கெனவே ஒரு சமையலறை செய்து கொடுத்திருந்தார். மேடையின் உயரத்தைக் குறைத்தவர், அதன் கீழே முழங்கால் நுழைய இடம் விட மறந்துவிட்டார். மேடைக்கு எதிரே நாற்காலியை நிறுத்திக்கொண்டு, எட்டாத அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததாக டீச்சர் சொன்னார். மகனோ, "நீ எதுக்கும்மா அங்க போற? நான் கொண்டுவந்து தரேன்" என்கிறானாம். பாசம்தான். ஆனால் எட்டு மாதமாக அவர் ஒரு டீகூடச் சொந்தக் கையால் போடவில்லை.

"இன்னொரு தடவை ஏமாற எனக்குத் தெம்பில்ல. முதல்ல கண்ணால பாக்கணும். பாத்துட்டுத்தான் பலகையில ரம்பம் வைக்கணும்" என்றார் டீச்சர்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வரச் சொன்னார்கள். பம்பரம் பார்வையின் உயரத்தை உட்கார்ந்த ஆளின் கண் மட்டத்துக்கு இறக்கி வரைந்தாள். ஆனால் படம் நகரவில்லை, நொண்டியது. மெதுவாகத் திரும்பினாலே விக்கி விக்கி நின்றது. அதற்காகத்தான் தம்பி ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு கொண்டுவந்து மாட்டினான். அந்தக் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை மட்டும் நிறுவிக்கொள் என்று கட்டளைகளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். நிறுவினாள், ரீஸ்டார்ட் செய்தாள். படம் முன்பைவிட மோசமாக விக்கியது. கார்டு இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றது கம்ப்யூட்டர். டிரைவர் இருக்கிறதா என்றால் அதுவும் இருக்கிறதாம். இரண்டும் பேசிக்கொள்கின்றனவா என்றால் இல்லையாம். சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி இரண்டும் ஒரே வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. டிரைவரை நீக்கினாள், மறுபடி நிறுவினாள். பழைய பதிப்பைப் போட்டாள், புதியதைப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் அது புதிதாக ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லிக் கேட்டது. கேட்கிறதே என்று கொடுத்தாள். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டின்போதும், வழக்கம்போல, எழுந்துபோய் ஒரு வேலையை முடித்துவிட்டு வந்தாள். ஒரு தடவை பாத்திரம் கழுவினாள், ஒரு தடவை கொடியில் துணி உலர்த்தினாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தம்பிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, ரீஸ்டார்ட் ஆகும்போது நீலமா ஒரு திரை வந்துச்சா?"

"வரலடா."

"நல்லா பாத்தியா?"

"ஏன்டா, எனக்குக் கண்ணு தெரியாதா? வரவே இல்ல!"

பிடித்த முயலுக்கு மூன்றே கால். தம்பிக்கு அக்காவைத் தெரியும், அதனால் மேலே வாதாடவில்லை. மாலைதான் வர முடியும் என்றான். மாலை வந்து என்ன பயன்? டீச்சர் வந்து இந்த விக்கலைப் பார்த்தால், எழுந்து போகக்கூட அவரால் முடியாது, நாற்காலியைத் திருப்பிக்கொண்டுதான் போவார். ஐந்தாவது முறையாக டிரைவரை நிறுவினாள். கடவுச்சொல் கேட்டபோது எரிச்சலில், 'ஒழுங்கா வேலை செய்' என்றே அடித்துவைத்தாள்.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் ஓடிவந்தாள். "அண்ணி, பல் டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். இப்பத்தான் தூங்குச்சு. எழுப்பிடாதீங்க, எழுப்பினா நீங்களே பாடுங்க" என்று பத்து மாதக் குழந்தையை மடியில் கிடத்திவிட்டுப் பறந்தாள். அந்தக் குழந்தையின் அழுகை தெருமுனை வரை பிரசித்தம்.

பம்பரம் ரீஸ்டார்ட்டை அழுத்தினாள். கால் தானாக எழப் பார்த்தது. மடியில் குழந்தை லேசாக முனகியது. உட்கார்ந்தாள். வேறு வழியில்லாமல் திரையையே பார்த்தாள்.

நீலத் திரை வந்தது.

'ஏதாவது ஒரு விசையை அழுத்தவும்' என்றது. பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணிக்கை இறங்கியது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள்! யாரும் அழுத்தாவிட்டால் பத்து விநாடியில் அது பேசாமல் போய்விடும். அவள் ஒவ்வொரு தடவையும் திரும்பி வருவதற்குள் வந்த சுவடே இல்லாமல் போயிருக்கிறது. புது டிரைவரை இந்த இயந்திரம் எடுத்த எடுப்பில் நம்பாது, சொந்தக்காரர் நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும். அதற்குத்தான் அந்தக் கடவுச்சொல் என்று தம்பி பிறகு சொன்னான். எண்ணிக்கை நான்குக்கு வந்தபோது ஒரு விரலை நீட்டி அழுத்தினாள். டிரைவரை நம்புவதற்கான சாவியைச் சேர்க்கவா என்றது, சேர் என்றாள். இடது கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு, வலது கையின் ஒற்றை விரலால் 'ஒழுங்கா வேலை செய்' என்று எழுத்தெழுத்தாக அடித்தாள்.

ஒழுங்காக வேலை செய்தது. சமையலறைக்குள் எண்ணெய் விட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போனது படம். "என்னங்க!" என்று அவள் போட்ட கூச்சலில் தச்சர் இழைப்புளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார், குழந்தை வீறிட்டது, இவள் அதைத் தூக்கிச் சுற்றிச் சுற்றி ஆடினாள். குழந்தை குழம்பிப்போய் அழுகையை விட்டுச் சிரித்தது. தம்பிக்குப் போன் போட்டு, "வந்துச்சுடா நீலம்! நான்தான் பாக்கல" என்று வெட்கத்தை விட்டு ஒப்புக்கொண்டாள். அவன் சிரித்த சிரிப்பில் அவன் கடைக்கு வந்தவர்களும் சேர்ந்து சிரித்தது கேட்டது.

மூன்று மணிக்கு டீச்சர் வந்தார், மகன் தள்ளிக்கொண்டு வந்தான். மவுஸை அவர் கையிலேயே கொடுத்தாள் பம்பரம். டீச்சர் திரையில் சமையலறை வாசலுக்குள் நுழைந்தார், மேடைக்குக் கீழே முழங்கால் நுழைவதைக் குனிந்து பார்த்தார், அடுப்புக்குப் போனார், திரும்பினார். குழாய் மட்டும் தள்ளியிருக்கிறது, ரெண்டு அங்குலம் இந்தப் பக்கம் வரட்டும் என்றார். தச்சர் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டார். பிறகு டீச்சர் மேல் தட்டைப் பார்த்தார். டீத்தூள் டப்பா இருந்தது. தன்னை மறந்து அவர் வலது கை மவுஸை விட்டு எழுந்து, காற்றில் அந்தத் தட்டின் உயரத்துக்குப் போய் நின்றது.

"எட்டுது" என்றார்.

மகன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். டீச்சர் அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "பலகைய அறுக்கச் சொல்லுங்க. இனிமே இவனுக்கு டீ வேணும்னா என்கிட்டதான் வந்து கேக்கணும்."