ஏழு இலக்கமும் ஒரு கறிக்கடையும்

எந்த எண்ணைக் கண்டாலும் நெரிடா ஹாக்லியின் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஓடும். காரின் எண்பலகையோ, கல்லறையில் செதுக்கிய வருடமோ, இலக்கங்களைக் கூட்டி மூன்றால் வகுபடுமா என்று பார்த்தபிறகுதான் அவளுக்கு மூச்சு வரும். வில்காரி ஊர்க்காரர்கள் அதை நரம்புக் கோளாறு என்று நினைத்து, அவளுக்கு மட்டும் தேநீரைப் பாதிக் கோப்பைதான் ஊற்றுவார்கள்.

கோதுமைக் கிடங்கின் எடைமேடையில் அவளுக்கு வேலை. அந்த மேடை இருபது இருபது கிலோவாகத்தான் காட்டும். ஆகவே அங்கே அவள் கண்ணில் பட்டதெல்லாம் இரண்டாலும் ஐந்தாலும் உடைந்துபோகிற சோப்ளாங்கி எண்கள். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறெதாலும் வகுபடாத பகா எண்ணை, லாரி வராத நேரத்தில் அவளேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

சுற்றியுள்ள ஊர்களில் நெடுஞ்சாலை ஓரம் ஏதாவது ஒன்று பெரிதாக நின்றது. ஒன்றில் வீடளவு உருளைக்கிழங்கு, இன்னொன்றில் ஆட்டுக்கடா. வில்காரியில் பெரிதாக இருந்தது மேயர் கீத் ராலின்ஸின் வயிறு மட்டும்தான். போதாக்குறைக்கு, ஊரை இரண்டாகப் பிரித்து அண்டை ஊர்களோடு ஒட்டப்போவதாக அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. நமக்கும் ஏதாவது பெரிதாக வேண்டும் என்று கூட்டம் போட்டார்கள். அதில்தான் நெரிடா முதல்முறையாக வாயைத் திறந்தாள். பத்து லட்சத்து மூன்று. பத்து லட்சத்தைத் தாண்டியதும் வருகிற முதல் பகா எண்.

"யாராலயும் பிரிக்க முடியாதா? அரசாங்கத்தாலகூட?" என்றார் கீத்.

முடியாது என்றாள். மேசைகள் அதிர்ந்தன.

1000003. ஆளுயரக் கான்கிரீட்டில் ஏழு இலக்கங்கள். ஒவ்வொன்றின் செலவும் ஒருவருடையது, அடியில் அவர் பெயர். முதலில் நின்ற 1-ஐ மேயர் எடுத்துக்கொண்டார். கடைசியில் நின்ற 3-ஐ, தேர்தலில் அவரை எதிர்த்து நிற்கப்போகும் மதுக்கடை மாவிஸ் எடுத்தாள். நடுவில் ஐந்து பூஜ்யங்கள். நான்கை பள்ளி, தேவாலயம், தீயணைப்புப் படை, பந்தாட்டக் கழகம் ஆகியவற்றின் தலையில் கட்டினார்கள். கறிக்கடை டெஸ்மண்ட் மட்டும் மசியவில்லை.

"என் பேருக்கு மேல சைபரா? எட்டு போடுங்கப்பா. சாசேஜை முறுக்கின மாதிரி அம்சமா இருக்கும்."

போட்டுவிட்டார்கள்.

சிமெண்ட் காய்ந்தபிறகுதான் நெரிடா பார்த்தாள். 1000083. கூட்டினால் பன்னிரண்டு. மூன்றால் வகுபடும். அந்த ஊருக்கு அவள் கொடுத்தது அந்த ஒன்றுதான், அதுவும் பொய்யாகிவிட்டது.

அவள் அழவில்லை, வகுக்க உட்கார்ந்தாள். அறுவடை முடிவதற்குள் வழி கிடைத்தது. கடைசியில் நின்ற 3-ஐ 1 ஆக மாற்றினால் போதும், 1000081 பகா எண். மாவிஸ் சிரித்துக்கொண்டே உடனே சரியென்றாள். அந்தச் சிரிப்பிலேயே நெரிடாவுக்குச் சந்தேகம் தட்டியது. ஆனாலும் மேயரிடம் போனாள்.

"கீத், கடைசி மூணை ஒண்ணாக்கணும். இல்லேன்னா மூணால வகுபட்டுரும்."

"மாவிஸும் ஒண்ணு, நானும் ஒண்ணா?"

"கணக்குக்குத்தான் கேக்கறேன்."

"இதோ பாரு கண்ணு, அரசாங்கம் ஊரை எத்தனையாப் பிரிக்கப் பாக்குது?"

"ரெண்டா."

"இந்த எண்ணு ரெண்டால வகுபடுமா?"

"வகுபடாது."

"அப்புறம் என்ன? போய் லாரியைப் பாரு."

இன்றும் 1000083 நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கிறது. 'எவராலும் வகுக்க முடியாத எண்' என்று அதன் கீழே பித்தளையில் பொறித்திருக்கிறது. வருகிறவர்கள் எட்டின் கீழ்வளையத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். கீத்தான் இன்னும் மேயர். நெரிடா எடைமேடையில் இருக்கிறாள், கூட்டங்களுக்குப் போவதில்லை.