நாடா கட்டாத கன்றுகள்

பண்டார் தெங்காரா பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் இருபது வருஷம் புல் வெட்டியவள் நான். மரத்தைச் சுற்றி வட்டமாக, ஒரு களை மிச்சமில்லாமல் வழித்தெடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் எனக்கு உண்டு. அதன் லட்சணத்தைத்தான் சொல்ல வந்தேன்.

இப்போது அந்தக் கிழட்டுச் செம்பனைகளைச் சாய்த்துவிட்டு, அதே நிலத்தில் பழைய காட்டு மரங்களை நடுகிறார்கள். காற்றில் இருக்கும் கரியை மரங்கள் இழுத்து வைத்துக்கொள்ளுமாம். எனக்கு அது பாதிதான் புரிந்தது. வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை என்பது முழுசாகப் புரிந்தது. ஆற்றோரத்தில் ஒரு துண்டு என் பொறுப்பு.

மேலிடத்திலிருந்து பார்க்க வருகிறார்கள், திருப்தியானால்தான் அடுத்த மேட்டிலும் நடுவோம், எங்கள் எல்லோருக்கும் வேலை நீடிக்கும் என்றார்கள். தோட்டத்தில் துரை வருகிறார் என்றால் முந்தின நாளே எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும். அந்தப் புத்தி எங்கே போகும்? நாங்கள் நட்ட கன்றுகளுக்குச் சிவப்பு நாடா கட்டியிருந்தோம். நாடா இல்லாததையெல்லாம் பாராங் கத்தியால் சீவித் தள்ளினேன்.

மறுநாள் காலை, எங்களை மேய்க்கும் அதிகாரி முதலில் வந்தாள். படித்த பெண், என் மகள் வயதுதான். நான் குவித்திருந்த குப்பையிலிருந்து சாண் உயரச் செடி ஒன்றை எடுத்தாள்.

"அக்கா, இது மெராந்தி, பழைய காட்டு மரம். அக்கரையில நிக்குற பெரிய மரத்தோட விதை, காத்துல பறந்து வந்து முளைச்சது. அந்த மரம் ஒரு தடவ காய்ச்சா மறுபடி காய்க்க எத்தனையோ வருஷம் ஆகும்லா. காடு தானாவே திரும்பி வருதுன்னு இதக் காட்டத்தான் அவங்கள வரச் சொன்னேன்."

நாடா இல்லை, அதனால் வெட்டினேன் என்றேன்.

"முன்னாடியே சொல்லியிருக்கணும். என் தப்புதான்" என்றாள். அவள் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ஒரே ஒரு மூலையை நான் வெட்டவில்லை. மக்கிப்போன செம்பனைக் கட்டை ஒன்றின் பின்னால் சிவப்பெறும்பு பிடுங்கியது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று காய்ந்த மட்டையை இழுத்துப் போட்டு மூடிவிட்டிருந்தேன். காட்டினால் என் கள்ளத்தனம் வெளியே வரும். வரட்டும் என்று அவளைக் கூட்டிப்போய் மட்டையைத் தூக்கினேன். இலை கசங்கி, ஆனால் நிமிர்ந்து, மூன்று மெராந்திக் கன்றுகள் நின்றன.

மேலிடத்திலிருந்து வந்தவர்கள் அங்கேதான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தார்கள். இதைப் பார்த்துக்கொண்டது யார் என்று ஒருவர் மலாயில் கேட்டார். அதிகாரி என்னைக் கைகாட்டினாள்.

"நான் பாத்துக்கல. மத்தத வெட்டினது நான்தான்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க மிஸ்" என்றேன். அவள் சொன்னாள்.

அடுத்த மேட்டிலும் நடுகிறோம், வேலை இருக்கிறது. அந்த மூன்றுக்கும் நானே நாடா கட்டினேன். வெட்டியது எத்தனை என்று மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒன்றையாவது நான் குனிந்து பார்க்கவில்லையே.